பேசும்படத்தின் பேனாக்கள் – 6: கண்ணகிக்கு வசனம் எழுதியவர்

1942 ஏப்ரல் 9ஆந் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசின. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று தீப்பற்றியது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கடலில் மூழ்கியது. அந்த நாட்களில் வங்காள விரிகுடாவின் மறுகரையிலும் இதே அச்சந்தான். விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழ, அடுத்தது சென்னைதான் என்று பேச்சுக் கிளம்பியது. மூட்டை முடிச்சுகளோடு மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அப்படிச் சென்னையை விட்டுப் போனவர்களில் எண்பத்தேழு வயது நிரம்பிய உ.வே.சாமிநாதையரும் ஒருவர். சிலப்பதிகாரத்தை ஏட்டிலிருந்து எடுத்து 1892இல் அச்சேற்றிய அந்தப் பெரியவர், ஏப்ரல் 28ஆந் திகதி திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.

அதே ஆண்டில்தான் ‘கண்ணகி’ படம் வெளிவந்தது. தயாரித்தது ஜூபிடர் பிக்சர்ஸ், இயக்கியவர் ஆர்.எஸ்.மணி; கோவலனாக பி.யு.சின்னப்பா, கண்ணகியாக பி.கண்ணாம்பா. போரும் பஞ்சமும் சூழ்ந்த நேரத்தில் அந்தப் படத்துக்குக் கூட்டம் கூடியது. பாட்டுக் கேட்க வந்தவர்கள் இருந்தார்கள், அதில் புதுமை இல்லை. பேச்சைக் கேட்பதற்கென்றே திரும்பத் திரும்ப வந்தவர்களும் இருந்தார்கள் என்பதுதான் புதுமை. அந்தப் பேச்சை எழுதியவர் இளங்கோவன். இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது.

இளங்கோவனின் இயற்பெயர் தணிகாசலம். செங்கல்பட்டுக்காரர். எழுத்தில் அவர் வளர்ந்த இடம் ‘மணிக்கொடி’. கு.சீனிவாசன், வ.ரா., டி.எஸ்.சொக்கலிங்கம் மூவரும் 1933 செப்டெம்பரில் தொடங்கிய அந்த இதழ், பின்னர் பி.எஸ்.ராமையாவின் கையில் சிறுகதைக்கென்றே ஒரு களமாக மாறியது. புதுமைப்பித்தனும் கு.ப.ராஜகோபாலனும் மௌனியும் எழுதிய ஏடு அது. இலக்கியத்தில் அவர்கள் பெயர் நிலைத்தது. வயிற்றுப்பாட்டுக்கு அது போதவில்லை. சிலர் நாளிதழ்களுக்குப் போனார்கள். 1934இல் தொடங்கப்பட்ட ‘தினமணி’யில் சொக்கலிங்கம் ஆசிரியரானதும் மணிக்கொடி எழுத்தாளர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது, இளங்கோவனும் அங்கே பணிபுரிந்தார். இன்னும் சிலருக்கு சினிமா கதவைத் திறந்தது. ராமையாவும் போனார், புதுமைப்பித்தனும் கடைசிக் காலத்தில் போனார். ஆனால் முதலில் போய், போன இடத்தில் வேரூன்றி, அந்தத் தொழிலின் இலக்கணத்தையே மாற்றியவர் இளங்கோவன்.

அவர் மாற்றியது எதை என்று விளங்க வேண்டுமானால், அவருக்கு முன்னிருந்த படங்களைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

தமிழ் பேசிய முதற்படமான ‘காளிதாஸ்’ 1931 ஒக்டோபர் 31ஆந் திகதி சென்னையில் திரையிடப்பட்டது. டி.பி.ராஜலக்ஷ்மி தமிழில் பேசினார், பாடினார். எதிரே நின்றவர் தெலுங்கில் பதில் சொன்னார். அதைப் பொருட்படுத்தாமல் மக்கள் கொட்டகையை மொய்த்தார்கள். திரை பேசுகிறது என்பதே அன்றைக்குப் போதுமான அதிசயம். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த படங்களில் பெரும்பாலானவை மேடை நாடகங்களைக் கமெராவின் முன்னால் நிறுத்தி எடுத்தவை. சங்கரதாஸ் சுவாமிகள் கொட்டகைகளுக்கு எழுதிக் கொடுத்த கதைகளே திரைக்கும் வந்தன. 1934இல் வெளியாகி எம்.கே.தியாகராஜ பாகவதரை நட்சத்திரமாக்கிய ‘பவளக்கொடி’யில் பாட்டுக்கள் ஐம்பது. இரண்டு பாட்டுக்களுக்கு நடுவே ஆளை உள்ளே கூட்டிவரவும் வெளியே அனுப்பவும் மட்டுமே வசனம் பயன்பட்டது. வடசொற்கள் மிதந்த கொட்டகைத் தமிழ் ஒரு பக்கம், ‘சுவாமி’, ‘பிராணநாதா’ என்று அழைக்கும் நாயகிகள் மறுபக்கம். வசனம் எழுதியவர் யாரென்று பார்வையாளர் கேட்கவும் இல்லை, முதலாளிகள் சொல்லவும் இல்லை.

தொழில்நுட்பமும் எழுதுகிறவனுக்குச் சாதகமாக இல்லை. பின்னணிப் பாடல் என்ற வழக்கமே 1938 வாக்கில்தான் தமிழுக்கு வந்தது. அதுவரை நடிகர் கமெராவின் முன்னால் பாடியதும் பேசியதுமே அப்படியே ஒலிப்பதிவானது. மறைத்து வைத்த மைக்கை நோக்கி முகத்தைத் திருப்பி, உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். அப்படிப் பேசும்போது நீண்ட வாக்கியம் குலைந்துபோகும். நாக்கில் உருளாத சொல் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று எழுதப் பழகியவர்தான் சினிமாவுக்கு எழுத முடியும்.

இந்த இடத்தில் ஓர் அமெரிக்கர் வருகிறார். ஒஹாயோ மாநிலத்தில் 1909இல் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன், லொஸ் ஏஞ்சலிஸில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். கூடப் படித்த மாணிக்லால் டாண்டனின் அழைப்பில் 1935இல் இந்தியாவுக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர் பதினைந்து ஆண்டுகள் தங்கிவிட்டார். அவர் இயக்கிய ‘சதிலீலாவதி’ 1936இல் வந்தது. எஸ்.எஸ்.வாசனின் நாவலைக் கொண்டு எடுத்த அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றினார். நமக்கும் அதில் ஓர் உரித்து உண்டு: குடியால் கெட்டு ஊரைவிட்டு ஓடும் கதாநாயகன் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாக உழைக்கிறான். மலையகத் தோட்டங்களின் வாழ்க்கை தமிழ்ப் படக் கதையொன்றில் இடம்பெற்ற ஆரம்ப நிகழ்வுகளில் அது ஒன்று.

டங்கனுக்குத் தமிழ் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. ஆனால் ஹொலிவூட் பழக்கம் ஒன்றை அவர் கையோடு கொண்டுவந்தார்: படப்பிடிப்புத் தொடங்குமுன் காட்சிகள் முழுவதும் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த ஷொட்டில் யார் நிற்கிறார், கமெரா எங்கே நகர்கிறது, யார் என்ன பேசுகிறார் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும். மொழி தெரியாத இயக்குநருக்கு எழுத்துப் பிரதிதான் கண். அதனாலேயே எழுத்தாளனின் இடம் அவருடைய படங்களில் உயர்ந்தது. இது யோசிக்கத்தக்க விடயம். தமிழ் அறிந்த இயக்குநர்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே பேச்சைச் சமைத்துக்கொண்டிருந்தபோது, தமிழே அறியாத ஒருவர் நல்ல தமிழ் எழுத்தாளனைத் தேடும் நிலையில் இருந்தார்.

‘அம்பிகாபதி’ 1937இல் அப்படித்தான் உருவானது. கம்பரின் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் காதல். சிற்றின்பம் கலவாமல் இறைவன்மேல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்பது அரசன் விதித்த நிபந்தனை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, நூறு முடிந்தது என்று ஆவலோடு எட்டிப் பார்க்கிறாள், அவளைக் கண்டதும் அவன் காதலைப் பாடிவிடுகிறான், தலை போகிறது. பாகவதரும் எம்.ஆர்.சந்தானலக்ஷ்மியும் காதலர்கள், கம்பராக செருகளத்தூர் சாமா, சூழ்ச்சிக்கார ருத்திரசேனனாக டி.எஸ்.பாலையா.

கதையைக் கேட்ட டங்கனுக்கு ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அன்ட் ஜூலியட்’ நினைவுக்கு வந்தது இயல்பே. அதை ஹொலிவூட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் முந்திய ஆண்டான 1936இல்தான் பெரும் செலவில் படமாக்கியிருந்தது. டங்கன் அந்த நாடகத்தில் காதற் காட்சிகளை அடையாளமிட்டு இளங்கோவனிடம் கொடுத்து, இந்த உணர்ச்சி தமிழில் வர வேண்டும் என்று கேட்டார். சாதாரண எழுத்தாளராக இருந்தால் வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கொடுத்திருப்பார். இளங்கோவன் சூழ்நிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். மாடத்தில் அவள், கீழே இரவில் ஒளிந்து அவன். பேச்சோ தமிழ்ச் செய்யுள் மரபில் ஊறிய பேச்சு. எதுகையும் மோனையும் துள்ள, சிறு சிறு வாக்கியங்களில், ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் எடுத்துத் தொடுக்கும் உரையாடல். புலவரின் மகன் அப்படிப் பேசுவது பாத்திரத்துக்கும் பொருந்தியது. தமிழ்த் திரையில் காதலர்கள் பாடாமல், பேசியே காதலித்ததைப் பார்வையாளர்கள் அங்கேதான் கண்டார்கள். படம் பெரும் வெற்றி பெற்று ஓராண்டு ஓடியது.

ஹொலிவூட்டில் எழுத்தாளர்கள் இதற்கு முன்பே தனித்தொழிலாளராகிவிட்டார்கள். அனிதா லூஸ் என்ற இளம்பெண் அனுப்பிய ‘தி நியூயோர்க் ஹெட்’ கதையை 1912இல் டி.டபிள்யூ.கிரிஃபித் படமாக்கினார், அவருக்குக் கிடைத்த கூலி 25 டொலர். பிரான்சிஸ் மரியன் மௌனப்படக் காலத்தில் மேரி பிக்ஃபோர்டுக்கு எழுதத் தொடங்கி, பேசும்படம் வந்த பின்னும் தளராமல், ‘தி பிக் ஹவுஸ்’, ‘தி சாம்ப்’ என்ற இரு படங்களுக்கும் ஒஸ்கார் வாங்கினார். 1933இல் அங்கே திரை எழுத்தாளர்கள் சங்கம் அமைத்து, பெயருக்கும் ஊதியத்துக்கும் முதலாளிகளோடு மல்லுக்கு நின்றார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சேலத்திலும் அப்படி எதுவும் கிடையாது. பத்திரிகை அறையிலிருந்து ஸ்டூடியோவுக்குப் போன ஒருவர் தனியாகவே தனக்கு ஒரு மதிப்பை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இளங்கோவன் அதைச் செய்தார். ‘அம்பிகாபதி’யைத் தொடர்ந்து ‘திருநீலகண்டர்’ 1939இல் வந்தது. 1941இல் ‘அசோக்குமார்’: மூத்தாள் மகன் குணாளன்மேல் ஆசை வைத்து, அது நிறைவேறாமல் அவன் கண்களைப் பறிக்கச் செய்யும் சிற்றன்னையின் கதை. பாகவதர் குணாளன், கண்ணாம்பா அந்தச் சிற்றன்னை. ஆசையும் வெறுப்பும் ஒரே நாக்கிலிருந்து வரவேண்டிய பாத்திரம் அது. அதில் கண்ணாம்பா பேசிய விதமே ஜூபிடர்காரர்களை அடுத்த ஆண்டு அவரிடம் கொண்டு சேர்த்தது என்று ஊகிக்க இடமுண்டு.

இனிக் ‘கண்ணகி’க்கு வருவோம்.

கோவலன் கதை தமிழ் மேடைக்குப் புதிதல்ல. கொட்டகைகளில் விடிய விடிய நடந்த கதைதான். ஆனால் இளங்கோவடிகள் எழுதியதற்கும் கொட்டகையில் நடந்ததற்கும் தூரம் அதிகம். காப்பியம் அச்சில் வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியும், படித்த சிலருக்கு அப்பால் அது போகவில்லை. தரை டிக்கெட்டில் மண்ணைக் குவித்து அமர்ந்திருந்தவருக்கு அகவலைச் சொன்னால் விளங்காது. கொட்டகைத் தமிழில் சொன்னால் கண்ணகி சிறுத்துப்போவாள். பழமையின் மிடுக்கும் இருக்க வேண்டும், ஒரே கேள்வியில் பொருளும் விளங்க வேண்டும். இளங்கோவன் எழுதிய தமிழ் இந்த இரண்டுக்கும் நடுவே கட்டப்பட்டது.

பாண்டியன் அவையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு ஒருத்தி வாசலில் வந்து நிற்கிறாள். காவலன் அஞ்சுகிறான். அரசன் யார் நீ என்கிறான். அவள் தன் ஊரைச் சொல்கிறாள், அந்த ஊரின் நீதியைச் சொல்கிறாள், தன் கணவன் பெயரைச் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது குற்றமாகாது என்று அரசன் சொல்ல, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொல்ல, அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்பது வெளியாகிறது. சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, அரசன் வீழ்கிறான். காப்பியத்தில் சில பத்து வரிகளில் முடியும் காட்சி. திரையில் அதை ஒரு வாய்ப்போராக நடத்த வேண்டும். கேள்விக்கு மேல் கேள்வி, ஒவ்வொரு பதிலுக்கும் முன்னையதைவிட ஒரு படி ஏறிய குரல், முடிவில் தீர்ப்பு: இளங்கோவன் அமைத்த படிக்கட்டு அது. அந்தப் படிக்கட்டில் ஏறியவர் கண்ணாம்பா. தாய்மொழி தெலுங்கு. தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துப் பாடம் செய்வார் என்பது அந்நாளைய திரையுலகில் பரவலாகச் சொல்லப்பட்ட செய்தி. அப்படிப் பேசியவரின் உச்சரிப்பைத்தான் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக மெச்சினார்கள்.

நமது கரையில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் காட்சி இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறை வரை கண்ணகை அம்மன் கோயில்கள் நிறைந்திருக்கின்றன. வைகாசியில் கதவு திறந்து, நாள்தோறும் உடுக்கு ஒலிக்கக் கண்ணகி வழக்குரையைப் பாடி, கடைசி நாளில் குளிர்த்தி நடத்துவார்கள். மதுரையை எரித்த அம்மனின் சினத்தை ஆற்றும் சடங்கு அது. மாங்கனியில் பிறந்தவளாகக் கண்ணகியைப் பாடும் இந்தக் கதைமரபு, சிலப்பதிகாரத்திலிருந்து பல இடங்களில் விலகித் தன் வழியில் போவது. பண்டிதர் வி.சீ.கந்தையா பதிப்பித்து 1968இல் அது நூலாக வந்தது. சென்னைக்காரர்களுக்குக் கண்ணகி பாடப்புத்தகத்திலிருந்தும் கொட்டகையிலிருந்தும் வந்தாள். கிழக்கிலங்கைக்காரருக்கு அவள் ஆண்டுதோறும் ஊருக்குள் வருகிற தாய். இரண்டிலும் கதையின் நடு உயிர் ஒன்றுதான்: அதிகாரத்தின் முன்னால் ஒரு பெண் நின்று தன் வழக்கைத் தானே பேசுவது. இளங்கோவன் அந்த உயிரைப் பிடித்தார். படத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது.

‘சிவகவி’ 1943இல் வந்தது. 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’. போர்க்காலத்தில் பிலிம் தட்டுப்பாடு. எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு வரம்பு கட்டியிருந்தது. வீண் காட்சிக்கும் வீண் பேச்சுக்கும் இடமில்லாத அந்த அளவுக்குள் ‘ஹரிதாஸ்’ சிக்கனமாக அடங்கி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் படம் வந்த மறுமாதமே பத்திரிகையாளர் லக்ஷ்மிகாந்தன் கொலை நடந்தது, அந்த வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1947இல் அவர்கள் விடுதலையாகி வெளியே வந்தபோது தமிழ்ப்படம் வேறு திசையில் திரும்பியிருந்தது. பாகவதரின் குரலோடு சேர்ந்து வளர்ந்த இளங்கோவனின் பேனாவுக்கும் அது பேரிழப்பு.

வேறு திசை என்றால் எந்தத் திசை? 1947இல் ‘ராஜகுமாரி’, 1949இல் ‘வேலைக்காரி’. முதலாவதற்கு வசனத்தில் கைகொடுத்தவர் மு.கருணாநிதி, இரண்டாவது சி.என்.அண்ணாதுரையினுடையது. இரண்டையும் தயாரித்தது ‘கண்ணகி’யைத் தயாரித்த அதே ஜூபிடர். 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’ கருணாநிதியின் எழுத்து; இயக்கம் டங்கன். 1937இல் இளங்கோவனோடு வேலை செய்த அமெரிக்கர், தமிழ்நாட்டைவிட்டுப் புறப்படும் வேளையில் கருணாநிதியோடு வேலை செய்துவிட்டுப் போனார். 1952இல் கருணாநிதி வசனம் எழுதிய ‘பராசக்தி’. அதன் நீதிமன்றக் காட்சியை இலங்கையிலும் மனப்பாடமாக ஒப்புவிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்தார்கள்.

அந்த நீதிமன்றத்துக்கு ஒரு மூத்த அவை உண்டு என்பது பலருக்கு நினைவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனே குற்றஞ்சாட்டுபவனாக மாறுவது, அடுக்கடுக்கான கேள்விகள், ஓசை ஒழுங்கில் நடைபோடும் வாக்கியங்கள், கைதட்டலுக்காக விடும் இடைவெளி: இவையனைத்தும் பத்தாண்டுகளுக்கு முன்னே பாண்டியன் அவையில் ஒத்திகை பார்க்கப்பட்டவை. கருணாநிதி அரசியலைக் கொண்டுவந்து சேர்த்தார். அது அவருடைய ஆற்றல். ஆனால் வசனத்துக்காகப் படம் பார்க்கும் பழக்கத்தைத் தமிழருக்கு ஊட்டியவர் இளங்கோவன். திராவிட இயக்க எழுத்தாளர்களிலிருந்து திரைத்தமிழின் வரலாற்றைத் தொடங்குகிறவர்கள் முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் படிக்கிறார்கள். கருணாநிதியே 1964இல் ‘பூம்புகார்’ படத்துக்காகக் கண்ணகியை மறுபடி பாண்டியன் அவையில் நிறுத்த வேண்டி வந்தது.

இளங்கோவனின் பெயர் மங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது அச்சோடு சம்பந்தப்பட்டது. அன்றைய தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். நடிகர் பட்டியல் இருக்கும், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும் கதைச்சுருக்கம் இருக்கும், பாடல்கள் முழுவதும் இருக்கும். வசனம் இருக்காது. பாபநாசம் சிவனின் பாட்டு புத்தகத்திலும் இசைத்தட்டிலும் ஏறி வீடுகளுக்குள் போய்விட்டது. இளங்கோவனின் உரைநடையோ படச்சுருளிலேயே தங்கிவிட்டது. சுருள் தேய்ந்தால் அதுவும் தேயும். வசனப் புத்தகங்கள் நூலாக விற்பனையாகும் காலம் வந்தபோது அவருடைய உச்சக்காலம் முடிந்திருந்தது.

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய வீடுகளின் பெட்டிகளில் 1930கள், 40களின் பாட்டுப் புத்தகங்கள், தியேட்டர் நோட்டீசுகள், இசைத்தட்டுக்கள் இன்னும் கிடக்கக்கூடும். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் சுனாமியிலும் எவ்வளவோ போய்விட்டன. மிஞ்சியவற்றைப் பழைய கடதாசிக்காரருக்குப் போடாதீர்கள். நூலகங்களுக்குக் கொடுங்கள், கொடுக்க மனமில்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்தாவது வையுங்கள். ‘கண்ணகி’யின் பாட்டுப் புத்தகம் யாரிடமாவது இருந்தால், முதற்பக்கத்தில் வசனம் எழுதியவர் பெயர் எப்படி அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை இத்தொடருக்கு எழுதி அனுப்புங்கள்.

அடுத்த இதழில்: ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனா சென்று, நோயோடு திரும்பிய புதுமைப்பித்தன்.